அலையாத்திக் காடு நஞ்சைத் தின்றுவிடுமா? வடக்குக் கரை நண்டும் கன உலோகமும்

ஈசூன் வாசகி, 3 மே

அக்கா, ஒரு சந்தேகம். என் மாமனார் ஓய்வு பெற்றபிறகு சிங்கப்பூரின் வடக்குக் கரைப் பக்கம் நண்டுக்கூடு போட ஆரம்பித்திருக்கிறார். வாரம் தவறாமல் வீட்டில் நண்டுதான். அந்தத் தண்ணீரில் கன உலோகம் இருக்குமே என்று கேட்டால், "அலையாத்தி மரம் எல்லா அழுக்கையும் உறிஞ்சிவிடும், அதற்காகத்தானே நட்டு வளர்க்கிறார்கள்" என்கிறார். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது. அவர் சொல்வது உண்மையா?

3 மே, இரவு

பாதி உண்மை. காட்டுக்குள் வரும் உலோகத்தில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அது மரத்துக்குள் போய் மறைவதில்லை, சேற்றில் தங்குகிறது. நண்டு குடியிருப்பதும் அதே சேற்றில்தான்.

எண்ணெய்க் கசிவோ சாக்கடைக் கழிவோ என்றால் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். ஈயமும் காட்மியமும் பாதரசமும் தனிமங்கள். அவற்றைச் சிதைக்க எந்த உயிராலும் முடியாது. இங்கே இருக்கும், இல்லாவிட்டால் வேறெங்கோ போயிருக்கும். அவ்வளவுதான்.

நான் பல வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் உலோகப் பிரிவில் இருந்தவள். சேறு, தண்ணீர், மீன், நண்டு எல்லாம் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. நாளை விவரமாக எழுதுகிறேன்.

4 மே, காலை

சேற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாமே அங்குதான் நடக்கிறது.

சுரபுன்னையின் முட்டுவேர்களும் வெண்கண்டலின் மூச்சுவேர்களும் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. தண்ணீர் நிதானமானதும் அதில் மிதந்து வந்த நுண்ணிய களிமண் படிகிறது. உலோகம் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த நுண்துகள்களிலும் மக்கிய இலைகளிலும்தான். மணலில் அவ்வளவாக ஒட்டாது.

குழாயை இறக்கிச் சேற்றை உருவி எடுத்தால் மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு நிறம். அதற்குக் கீழே கருகருவென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். அந்தக் கருப்பில் பிராணவாயு கிடையாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டை வைத்துச் சுவாசித்து சல்ஃபைடை வெளிவிடுகின்றன. செம்பு, ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் சல்ஃபைடோடு சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத பொருளாகிவிடும். மரம் செய்யும் பெரிய உதவி அந்தச் சேற்றை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. காடு உலோகத்தைப் பூட்டி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி பிராணவாயு.

அதைக் கண்ணால் பார்க்கலாம். கருப்புச் சேற்றை ஒரு வாளியில் போட்டு இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். காலையில் மேல்பக்கம் துருநிறத்துக்கு மாறியிருக்கும். இரும்பு சல்ஃபைடு காற்றுபட்டு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு கட்டுண்டிருந்த மற்ற உலோகங்களிலும் ஒரு பங்கு அவிழ்ந்துவிடும்.

4 மே, மாலை

"அப்படியானால் மரம் ஒன்றுமே உறிஞ்சாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். உறிஞ்சும், கொஞ்சம். அலையாத்தி வேர்கள் தாம் மூச்சுவிடுவதற்காகக் கீழே கொண்டுபோகும் பிராணவாயுவில் கொஞ்சத்தைச் சுற்றியுள்ள சேற்றுக்குள் கசியவிடுகின்றன. அது சேற்றிலிருக்கும் இரும்பைத் துருவாக்கி வேரைச் சுற்றி ஓர் உறைபோலப் படியவைக்கும். சேற்றில் கிடக்கும் வேர்த்துண்டை எடுத்து விரலால் தேய்த்தால் செங்காவி ஒட்டும். பல உலோகங்கள் அந்த உறையிலேயே மாட்டிக்கொண்டு உள்ளே நுழைவதில்லை. நுழைந்தாலும் ஈயம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும். துத்தநாகம்தான் கொஞ்சம் இலைவரை ஏறும், ஏனென்றால் மரத்துக்கு அது தேவை.

வெண்கண்டல் இலையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்போடு சேர்த்துச் செம்பும் துத்தநாகமும் சிறிதளவு வெளியேறுவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மழை பெய்தால் அது மறுபடி சேற்றுக்கே வரும். இலை உதிர்ந்தாலும் சேற்றுக்கே. இலை தின்னும் சிறு நண்டுகள் அதை வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

6 மே

ஜூரோங் நண்பர் ஒருவர், "சேற்றில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் ஈயம் என்று படித்தேன், குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அப்படியானால் 3,000 மடங்கு நஞ்சு" என்று எழுதியிருக்கிறார். கணக்கு சரி, ஒப்பீடு தவறு. இதை யாரும் வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம், தயவுசெய்து.

மனிதன் கால் வைக்காத மண்ணிலும் கிலோவுக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் ஈயம் இயற்கையாகவே இருக்கும். சேற்றைச் சேற்றுக்கான அளவுகோலால்தான் அளக்க வேண்டும். கனடாவின் கடற்படிவுக்கான எச்சரிக்கை அளவுகள் கிலோவுக்கு ஈயம் 30.2, செம்பு 18.7, துத்தநாகம் 124, காட்மியம் 0.7 மில்லிகிராம். அதற்குக் கீழே உயிரினங்களுக்குப் பாதிப்பு அரிது என்று பொருள். மேலே போனால் உடனே எல்லாம் செத்துவிடும் என்று பொருளில்லை. அமெரிக்காவில் பயன்படும் ஓர் அளவுகோலில் ஈயத்துக்குக் கீழ்க்கோடு 46.7, மேல்கோடு 218. நடுவில் இருந்தால் மேற்கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. களிமண்ணையும் மணலையும் ஒப்பிடக் கூடாது. 63 மைக்ரான் சல்லடையில் சலித்து நுண்ணிய பகுதியை மட்டும் அளக்க வேண்டும், அல்லது அலுமினிய அளவோடு விகிதம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முறை கரையோர வேலை ஒன்றுக்காக ஒரு நிறுவனம் மாதிரிகளைக் கொடுத்தனுப்பியது. பைகளைத் திறந்தால் அத்தனையும் அலை கழுவிய மணல். இருநூறடி தள்ளி நல்ல சேறு இருந்திருக்கும். கொடுத்ததை அளந்தோம், எண்கள் குறைவாக வந்தன, அறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்த அறிக்கையைப் படிக்கிறவர் கரை முழுக்கச் சுத்தம் என்றுதான் நினைத்துக்கொள்வார். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு எண்ணைப் பார்த்தால் எங்கே தோண்டினார்கள், எவ்வளவு ஆழம், சலித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

நம் ஊரில் சுங்கை பூலோ, சுங்கை காத்திப் போங்சு இரண்டு சதுப்புநிலங்களிலும் கன உலோகங்களை அளந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்திருக்கிறது. ஆக இது யாரும் பார்க்காத விஷயம் அல்ல.

6 மே, இரவு

எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு.

சாலையிலிருந்து நிறைய வருகிறது. டயர் தேய்மானத்தில் துத்தநாகம், பிரேக்கில் செம்பு, கூரைத் தகட்டில் மறுபடி துத்தநாகம். சில நாள் வெயிலுக்குப் பிறகு அடித்துப் பெய்யும் முதல் மழை எல்லாவற்றையும் லோங்காங் என்று நாம் சொல்லும் வடிகாலுக்குள் வழித்துக்கொண்டு போகும். ஈயப் பெட்ரோல் சிங்கப்பூரில் 1998-ல் நின்றது. அதற்கு முன்பு விழுந்த ஈயம் ஆழத்துச் சேற்றில் இன்னும் இருக்கிறது.

அப்புறம் கப்பல். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1938-ல் திறக்கப்பட்டதிலிருந்து அந்தக் கரையில் கப்பலைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை நடந்திருக்கிறது. கப்பல் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க வெள்ளீயம் கலந்த டிரைபியூட்டில்டின் பெயின்ட் பூசினார்கள். அது பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பை வளரவைத்தது. 1990களில் சிங்கப்பூர்க் கரை நத்தைகளிலும் இதைப் பார்த்தார்கள். 2001-ல் போடப்பட்ட உலக ஒப்பந்தம் 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்து அந்தப் பெயின்ட் தடையானது. பதிலுக்கு வந்தது பெரும்பாலும் செம்புப் பெயின்ட்.

இதோடு ஜோகூர்க் கடற்பாலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1924-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் தூண்மேல் நிற்பதல்ல, கல்லும் மண்ணும் கொட்டிய கரை. நீரிணையின் குறுக்கே ஒரு சுவர் என்றே சொல்லலாம். இரண்டு பக்கமும் தண்ணீர் வந்த வழியே திரும்பத்தான் வேண்டும். கிராஞ்சி, மண்டாய்ச் சேறுகள் அந்தச் சுவரின் மேற்கே, காத்திப் போங்சு கிழக்கே. இரு நாட்டுக் கரைகளிலும் தொழிற்பேட்டைகள். யார் போட்டது என்று விரல் நீட்டுவதில் பயனில்லை, சேற்றுக்கு எல்லை தெரியாது.

9 மே

லோரோங் ஹாலுஸ் பற்றி ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி. அங்கே 1970 முதல் 1999 வரை குப்பை கொட்டினார்கள். பொங்கோல் பக்கம் இப்போது சைக்கிள் ஓட்டிப் போகிறவர்கள் பார்க்கும் நாணல் குளங்கள் அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. பழைய குப்பையிலிருந்து கசியும் நீர் சிராங்கூன் நீர்த்தேக்கத்துக்குள் போகாமல் திருப்பிச் சுத்திகரிக்கும் ஏற்பாடு, 2011-ல் திறந்தார்கள். "செடியை வைத்துச் சுத்தப்படுத்த முடியாது என்றா சொல்கிறீர்கள்" என்ற கேள்விக்கு இதுவே பதில். முடியும். ஆனால் அது கட்டிய குளம். தண்ணீர் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று அளக்கலாம், அடிச்சேற்றை வேண்டுமானால் அள்ளலாம். இயற்கைக் காட்டில் சேற்றை அள்ளினால் காடு போய்விடும்.

புலாவ் செமாக்காவ் இன்னும் சுவாரசியம். லோரோங் ஹாலுஸ் மூடிய அதே 1999-ல் தொடங்கிய குப்பைக்கிடங்குத் தீவு அது. குப்பை எரிக்கும் ஆலைகளின் சாம்பல் போகும் இடம், சாம்பலில் உலோகம் இருக்கும். அதனால் 7 கிலோமீட்டர் கரையை நீர்புகாத விரிப்பும் கடற்களிமண்ணும் போட்டுக் கட்டினார்கள். கட்டும்போது அழிந்த அலையாத்திக்கு ஈடாக 13.6 ஹெக்டரில் மறுபடி நட்டார்கள். அந்த மரங்கள் கசிவு ஏதாவது ஏற்பட்டால் காட்டிக்கொடுக்கும் காவலும்கூட. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். தடுக்கும் வேலை கரைக்கு, கண்காணிக்கும் வேலை மரத்துக்கு. மரத்தின் தலையில் சுத்தம் செய்யும் பொறுப்பைக் கட்டவில்லை.

10 மே

எண்ணூரில் பிறந்த தம்பி ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து, இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு சாம்பற்சேற்றில் நிற்கும் நிலை. அங்கும் நட்டால் சரியாகிவிடும் என்கிறார்களாம். தம்பி, குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்வரை நட்டது எதுவும் போதாது. முதலில் வரத்தை நிறுத்த வேண்டும்.

13 மே

இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். மேலே உள்ளதை எல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் அலையாத்திக் காடு நஞ்சுக்கிடங்கு, இருப்பதைவிட எடுத்துவிடுவதே மேல்" என்று ஒருவர் முடிவுக்கு வந்திருக்கிறார். நேர் எதிர். எடுத்தால்தான் ஆபத்து.

காட்டை வெட்டி, கரை கட்டி, நீரை வடித்துவிட்டால் கருப்புச் சேற்றில் உள்ள பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடுக்குக் காற்றுபடும். அது கந்தக அமிலமாக மாறும். மண்ணின் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாறு அளவுக்குக்கூடப் போவதுண்டு. அந்த அமிலம் அலுமினியம், இரும்பு, ஆர்செனிக் முதலானவற்றைக் கரைத்து இழுத்து வரும். தென்கிழக்காசியாவில் அலையாத்தியை அழித்து வெட்டிய இறால் குளங்கள் பல, கைவிடப்படும் நிலைக்குப் போனதற்கு இந்த அமிலமும் ஒரு காரணம்.

தூர்வாருவதும் அப்படித்தான். பல ஆண்டுகள் கீழே கிடந்ததை ஒரே வாரத்தில் கலக்கிவிடும். கடல்மட்டமும் இருக்கிறது. ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் நீர் உயர்ந்தால் அலையாத்தியால் சேற்றைச் சேர்த்து ஈடுகொடுக்க முடியாது என்று 2020-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. மரம் மூழ்கிச் செத்தால் வேர் அழுகும், கரை அரிக்கும், பழைய சேறு வெளியே வரும். பழைய ஈயமும் டிரைபியூட்டில்டினும் அதோடு வரும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவில் நூற்றுக்கு 13 பங்கு நிலம் அலையாத்தி. இன்று ஏறக்குறைய ஒரு பங்குதான். கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரம் அணை கட்டி 1975-ல் நீர்த்தேக்கமானது. நமக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. மிச்சமிருப்பதைச் சும்மா விட்டுவைப்பதுதான் மலிவான வழி என்கிறேன். மண்டாய்ச் சேற்றுவெளியில் குதிரைலாட நண்டு இன்னும் சேற்றில் புதைந்து வாழ்கிறது. அந்த இடத்தை இயற்கைப் பூங்காவாக்கப் போவதாக 2018-ல் அறிவித்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

நடுவதையும் நான் எதிர்க்கவில்லை. ஆனால் தொழிற்பேட்டைக் கால்வாயின் வாயில் மரம் நட்டுவிட்டு, கால்வாயில் வருவதை அளக்காமல் விடுவதை எதிர்க்கிறேன்.

14 மே

ஈசூன் வாசகிக்கு, கேட்ட கேள்விக்கு வருகிறேன். நண்டு.

காட்மியம் நண்டின் உடம்பு முழுக்க ஒரே அளவில் இருக்காது. ஓட்டைத் திறந்ததும் உள்ளே பழுப்பும் பச்சையுமாக ஒரு மசியல் இருக்கிறதே, அது ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. காட்மியம் அங்கேதான் குவியும். கால், கொடுக்குச் சதையில் பல மடங்கு குறைவு. ஐரோப்பாவில் நண்டுக்குக் காட்மிய வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதையும் கால், கொடுக்கின் வெள்ளைச் சதைக்கு மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். மசியல் அந்தக் கணக்கிலேயே வராது.

நம் வீட்டுப் பிரச்சினை இங்கேதான். நண்டு ரசம் வைக்கிறோம். ஓட்டோடு இடித்து, மசியலும் சேர்ந்து கொதித்து, அந்தச் சாற்றைத்தான் சளிக்கு நல்லது என்று பிள்ளைக்கு முதலில் கொடுக்கிறோம். என் அம்மாவும் அப்படித்தான் கொடுத்தார். வேகும்போது மசியலில் உள்ளதில் ஒரு பங்கு தண்ணீருக்குள் இறங்கும். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை, அங்கே பிடிக்கும் நண்டின் மசியலைச் சாப்பிட வேண்டாம், வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடுங்கள் என்றே மக்களுக்குச் சொல்கிறது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் எவ்வளவு மஞ்சள், மிளகு போட்டாலும் உலோகம் போகாது.

காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் பத்து இருபது வருடம் போகாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வாரம் தவறாமல் அந்த ரசம் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

14 மே, இரவு

பாதரசத்தைச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. சல்ஃபைடை உண்டாக்கி உலோகத்தைக் கட்டிப்போடும் அதே வகைப் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. உணவுச் சங்கிலியில் ஏறும் வடிவம் அது. அது சதையில் தங்கும், மசியலை எடுத்துப் போட்டால் போகாது. ஆனால் சுறா, வாள்மீன் மாதிரி மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீன்களில்தான் அது அதிகம் சேரும். சேற்று நண்டில் பொதுவாகக் குறைவு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நான் நண்டைவிடச் சுறாப்புட்டைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

17 மே

மாமனாரிடம் சண்டை போட வேண்டாம். அந்த வயதில் ஒருவர் வெயிலில் இறங்கி, நீர் ஏற்றம் பார்த்துக் கூடு போடுகிறார் என்றால் அது நல்ல பழக்கம்தான். முதலில் ஒன்றை மட்டும் கேளுங்கள், எந்த இடத்தில் போடுகிறார் என்று. சுங்கை பூலோ போன்ற இயற்கைக் காப்பகத்துக்குள் என்றால் சட்டப்படி குற்றம், உலோகப் பேச்சுக்கே போக வேண்டாம். வெளியே, அனுமதியுள்ள இடம் என்றாலும் கால்வாய் வந்து விழும் வாய், கப்பல் பட்டறை ஓரம், பெருமழைக்கு மறுநாள், இந்த மூன்றையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டைக் கழற்றி மசியலை வழித்துப் போட்டுவிட்டு, நன்றாகக் கழுவி, கால், கொடுக்கு, உடல் சதையை மட்டும் சமையுங்கள். ரசம்தான் வேண்டும் என்றால் கடையில் வாங்கிய நண்டிலும் மசியலை எடுத்துவிட்டு வையுங்கள். பிள்ளைக்கு எப்போதாவது, கொஞ்சம்.

அப்படியும் மனம் ஆறவில்லை என்றால் இரண்டு மூன்று நண்டைத் தனியார் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். கொடுக்கும்போது சதையையும் மசியலையும் தனித்தனிப் பையில் போட்டு, தனித்தனியாகக் காட்மியம், ஈயம், பாதரசம் பாருங்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்த்து அரைத்து ஒரே எண்ணாகக் கொடுத்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஈர எடையா உலர் எடையா என்பதையும் அறிக்கையில் போடச் சொல்லுங்கள். எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.